‘ங்க’ தின்ற பெட்டி

ஏற்காட்டில் ஒலிபெருக்கி வேலைக்கு என்னை விட்டால் ஆளில்லை என்று ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டவன் நான்தான். கோயில் திருவிழா, மாதா கோவில் தேர், பள்ளி ஆண்டுவிழா, கட்சிக் கூட்டம், காதுகுத்து என்று மலையில் எங்கே நாலு பேர் கூடினாலும் மைக் கட்டுவது நான். பஜாரில் ஒரு பேக்கரிக்கு மேலே வாடகைக்கு ஓர் அறை வைத்திருக்கிறேன். ஸ்பீக்கர்களும் ஒயர்களும் படுத்தது போக மிச்சமிருக்கும் இடத்தில் நான் உட்காருவேன். என் மனைவி அந்த அறையை ‘ஸ்டூடியோ’ என்று சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். பெருமைச் சிரிப்பு என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

அந்த அறையில்தான் எங்கள் மலைக் காப்பி விவசாயிகளின் வாரச் சேதி தயாராகிறது. பெரிய எஸ்டேட் ஆட்கள் இல்லை, கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு, நாலு ஆரஞ்சு மரம் என்று வைத்திருக்கிற சின்ன விவசாயிகளின் குழு அது. அவர்களுக்கு வருகிற சந்தேகங்களை எனக்கு போன் செய்து சொல்வார்கள். இலை ஏன் பழுக்கிறது, பூவுக்கு முன் மழை வந்தால் என்ன செய்வது, தண்டு துளைக்கிற புழுவுக்கு என்ன மருந்து, இந்த மாதிரி. அதற்குப் பதில் சொல்கிறவர்களின் குரலை நான் ஒரு கைக்கடக்கமான பெட்டியில் பதிவு செய்து, இருமலையும் நாய்க் குரைப்பையும் வெட்டியெறிந்து, சனிக்கிழமை சாயங்காலம் குழுவின் வாட்ஸ்அப்பில் போடுவேன். எழுதிப் போட்டால் படிக்கச் சோம்பல்படுகிறவர்கள்கூட, பழம் பறித்துக்கொண்டே சட்டைப்பையில் போனை வைத்துக் கேட்டுவிடுவார்கள்.

பதில் சொல்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் தலைச்சோலையில் காப்பி வைத்திருக்கிற அக்கா. எனக்கு மட்டுமில்லை, மலை முழுக்க எல்லோருக்கும் அக்காதான். இன்னொருவர் ஓர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது பஜார் பக்கம் குடியிருக்கும் பெரியவர். அவரை ரைட்டரய்யா என்போம்.

அக்காவின் குரல், ஒரு சரிவில் நின்றுகொண்டு எதிர்ச் சரிவில் இருப்பவரிடம் சோறு தின்றாயிற்றா என்று விசாரித்தே வளர்ந்த குரல். போன் என்று ஒரு சாமான் வந்து இத்தனை காலமாகியும் அந்தக் குரல் அதை நம்பவில்லை. ரைட்டரய்யாவின் குரலோ மேனேஜர் அறை வாசலில் நின்றே ஆயுளைக் கழித்தது. ‘இன்னிக்கு மழை வருமாட்ட இருக்குதுங்க’ என்பதைக்கூட அவர் நம் காதருகே வந்து, போலீஸுக்குத் துப்புக் கொடுப்பதுபோலத்தான் சொல்வார்.

இந்த இரண்டு குரல்களையும் ஒரே பதிவில் ஒட்டினால் என்ன ஆகும்? ரைட்டரய்யா பேசும்போது கேட்கவில்லை என்று எல்லோரும் போனில் சத்தத்தை முழுக்கக் கூட்டி வைப்பார்கள். அடுத்து அக்கா வருவார். போன் கையில் துள்ளும். செம்மநத்தத்திலிருந்து ஒருவர் என்னைக் கூப்பிட்டு, பால் கறந்துகொண்டிருந்தபோது அக்கா திடீரென்று ‘கவாத்துக் கத்தி’ என்று ஆரம்பித்ததில் மாடு உதைத்துச் சொம்பு கவிழ்ந்துவிட்டது என்றார்.

“மாட்டுக்குக் காப்பிச்செடி இருக்குதுங்களா, அது எதுக்குங்க கேக்குது?” என்றேன்.

“சிரிக்காதீங்க. நீங்க வந்து கறந்து பாருங்க.”

ஒலி தெரிந்தவன் என்று பெயர் எடுத்துவிட்டு இதைச் சும்மா விடமுடியுமா? என் பெட்டியில் ‘ஆட்டோ’ என்று ஒரு சின்ன விசை உண்டு. வாங்கிய நாளிலிருந்து நான் அதைத் தொட்டதில்லை. அதைப் போட்டுவிட்டால், பெட்டிக்குள் ஒருவன் உட்கார்ந்துகொண்டு சத்தம் வைக்கும் குமிழைத் தானே திருகிக்கொண்டிருப்பான் என்று வைத்துக்கொள்ளலாம். யாராவது கத்தினால் குறைப்பான். முணுமுணுத்தால் கூட்டுவான். கேட்கிறவருக்கு இரண்டும் ஒரே உயரத்தில் வந்து சேரும். சம்பளம் கேட்காத ஆள். போட்டேன்.

அந்தச் சனிக்கிழமை எனக்குக் கிடைத்த பாராட்டை இப்போது நினைத்தாலும் காலர் தானாகத் தூக்கிக்கொள்கிறது. ரைட்டரய்யாவின் குரல் வெண்கலப் பானையில் பேசியதுபோலக் கணீரென்று வந்தது. அக்காவின் குரல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதுபோல அடங்கி வந்தது. மாடு உதைக்கவில்லை என்று செம்மநத்தத்திலிருந்து செய்தி வந்தது. கம்ப்யூட்டர் திரையில் இரண்டு பேருடைய ஒலி அலைகளும் வேலிபோல ஒரே மட்டத்தில் நின்றதை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இதைக் கவனியுங்கள், பார்த்துக்கொண்டிருந்தேன். ஒலி வேலைக்காரன் காதால் செய்யவேண்டியதைக் கண்ணால் செய்தேன். வைத்தியர் ஒருவர் நாடியைப் பிடிக்காமல் நோயாளியின் சட்டையைப் பார்த்து ‘நன்றாயிருக்கிறது’ என்று அனுப்பிவைத்த மாதிரி.

அது எங்கள் குழுவுக்கு முக்கியமான காலம். தலைவராக இருந்தவர் சேலத்தில் மகன் வீட்டோடு போய்விட்டதால் அந்த இடம் காலியாக இருந்தது. குழுவுக்கு வந்த பழம் உரிக்கும் மெஷின் ஒன்று, எங்கே வைப்பது என்று முடிவாகாமல் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. அதை எங்கே நிறுத்துவது என்பதைப் புதுத் தலைவர்தான் சொல்லவேண்டும். அக்காவுக்கு அது தலைச்சோலைக்கு வரவேண்டும். பறித்த பழத்தை அன்றைக்கே உரிக்காவிட்டால் புளித்துப்போகும். ஜீப் கிடைக்காத நாளில் மூட்டைக்குள் பழம் புளிக்கிற வாசனையை மோந்துகொண்டு உட்கார்ந்திருப்பது அவருக்கும் அக்கம்பக்கத்துக்கும் வருடா வருடம் நடக்கிற கூத்து. அதனாலேயே தலைவர் இடத்துக்கு நிற்கப்போவதாக அவர் வாய்விட்டே சொல்லியிருந்தார். எதிர்ப்பார் யாருமில்லை. கை தூக்குவதுதான் பாக்கி என்றிருந்தது.

நான் ஆட்டோவைப் போட்ட பிறகு காற்று மாறியது.

முதலில் எனக்கு அது டீக்கடையில் கேட்டது. குழுக்காரர்கள் இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பின்னால் வடை தின்றுகொண்டிருந்தேன்.

“அக்கா முன்ன மாதிரி இல்லீங்க. நொம்ப மாறிப்போச்சு.”

“எதுலீங்க?”

“நான் மருந்தைப் பத்திக் கேட்டிருந்தேன். ‘காத்தால அடி’ங்குது. நானென்ன அவங்க ஊட்டுப் பண்ணையாளா?”

“என்னைய ‘போயி மண்ணைப் பாரு’ன்னாங்க. தலைவராகறதுக்கு முன்னாலயே இப்பிடின்னா, ஆனதுக்கப்புறம் கும்பிடு போட்டாத்தான் கதவத் தொறப்பாங்களாட்ட இருக்குது.”

“ரைட்டரய்யாவைப் பாருங்க. எத்தன மரியாதை. இத்தன நாளா அவரு பேசறதே கேக்காம இருந்தமே.”

வடை தொண்டையில் நின்றது என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். உண்மையில் நான் இரண்டாவது வடையும் கேட்டேன். ஏனென்றால் என் மனத்தில் ஓடியது, ‘பாவம் அக்கா, பதவி வருவதற்குள் தலைக்கு ஏறிவிட்டதே’ என்பதுதான். அடுத்த வாரமே ரைட்டரய்யாவைத் தலைவராக நிறுத்தவேண்டும் என்று நாலைந்து பேர் அவர் வீட்டுக்குப் போனார்கள். அவரும் தலையை ஆட்டினாராம். பொதுக்கூட்டத்துக்கு இரண்டு ஞாயிறுதான் இருந்தது.

அக்காவுக்குப் புத்தி சொல்வது என் கடமை என்று தோன்றியது. எனக்கு இப்படித் தோன்றுகிற நாட்களில் என் மனைவி ஸ்கூட்டர் சாவியை ஒளித்து வைப்பது வழக்கம். அன்றைக்கு அவள் ஊரில் இல்லை.

நான் தலைச்சோலைக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்கா களத்தில் காப்பிப் பழத்தைக் கிளறிக்கொண்டிருந்தார். அந்த வாரப் பதிவுக்கு வந்திருக்கிறேன் என்று பெட்டியை எடுத்து வைத்தேன். பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, விஷயத்தைத் தொட்டேன்.

“ஏனுங்கக்கா, நீங்க தப்பா நெனைக்கக் கூடாது. ஆளுங்ககிட்டக் கொஞ்சம் ‘ங்க’ போட்டுப் பேசினா நல்லாருக்கும்.”

அக்கா கிளறுகோலை ஊன்றி நின்றார். “நான் யாருகிட்டங்க ‘ங்க’ போடாமப் பேசினேன்? எங்கூட்டுக் கன்னுக்குட்டிகிட்டக்கூட ‘தள்ளுங்க சாமி’ன்னுதான் சொல்றேன்.”

“சேதியிலீங்கக்கா.”

“சேதியிலயா?”

நான் ஜட்ஜ் மாதிரி போனை எடுத்துப் போன வாரச் சேதியைப் போட்டேன். களத்தில் காற்று அடித்துக்கொண்டிருந்தது. போனிலிருந்து அக்காவின் குரல் வந்தது: ‘சாம்பலைத் தூருல போடு. மறுபடியும் தண்ணி ஊத்து. ஆமா. அப்பிடித்தான்.’

“இது நானில்லீங்க,” என்றார் அக்கா.

பிடிபட்டவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள் என்ற நினைப்போடு நான் தலையை மேலும் கீழும் ஆட்டினேன். “குரல் உங்களுதுதானுங்களே.”

“குரலு என்னுதுதான். பேச்சு என்னுதில்லீங்க. நான் ‘போடுங்க’ன்னேன். ‘ஊத்துங்க’ன்னேன். நீங்கதானுங்களே எதுத்தாப்பல உக்காந்திருந்தீங்க?”

உட்கார்ந்துதான் இருந்தேன். ஆனால் பதிவு செய்யும்போது நான் பெட்டியில் மின்னுகிற பச்சை விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். சரி, சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம் என்று பெட்டியை இயக்கினேன். “இப்ப ஒருதரம் சொல்லுங்க.”

அக்கா எனக்குச் சொல்லவில்லை. எதிர்ச் சரிவுக்குச் சொன்னார். “சாம்பலைத் தூருல போடுங்க.”

என் காதில் ‘போடுங்க’ என்று சுத்தமாக விழுந்தது. பதிவைப் போனுக்கு மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ‘சாம்பலைத் தூருல போடு.’

இரண்டு பேரும் பெட்டியைப் பார்த்தோம். இன்னொரு முறை. ‘சரிங்க’ என்றார் அக்கா. போன் ‘சரி’ என்றது. ‘வாங்க’ என்றார். ‘வா’ என்றது. காதுக்கருவியை மாட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்துக் கேட்டபோது, தூரத்து அறையில் யாரோ கொட்டாவி விட்டதுபோல ஒரு ‘ங்க’ கேட்டது. பெட்டி முழுசாக விழுங்கவில்லை. மென்று ஓரமாகத் துப்பியிருந்தது.

விஷயம் இதுதான். அக்கா பேச்சை எடுக்கும்போது மலை கேட்கிற மாதிரி எடுப்பார். முடிக்கும்போது ‘ங்க’வை மட்டும் தாழ்த்தி, மடியில் வைப்பதுபோல வைப்பார். எங்கள் பக்கத்தில் எல்லோருமே அப்படித்தான். முன்பு அவர் கத்தியபோது ‘ங்க’வும் அந்தக் கத்தலோடு கூடச் சேர்ந்து கொஞ்சம் தெம்பாகவே வந்தது. இப்போது பெட்டிக்குள் இருந்தவன், முதல் சொல்லின் சத்தத்தில் பயந்து குமிழைச் சடாரென்று குறைத்துவிடுகிறான். குறைத்தவன் மறுபடி கூட்டுவதற்குள் ‘ங்க’ வந்து போய்விடுகிறது. ரைட்டரய்யா ஆரம்பத்திலிருந்தே ரகசியம் பேசுவதால் அவருக்குக் குறைக்கவேண்டிய வேலையே இல்லை. அவருடைய ‘ங்க’ எல்லாம் மாலை போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தன.

“அப்ப இத்தன வாரமா நான் மலை பூரா எல்லாரையும் வா போன்னு பேசிட்டிருக்கேன்,” என்றார் அக்கா. குரல் அபூர்வமாகத் தணிந்திருந்தது. “கை தூக்கறவங்க எல்லாம் அதைத்தானுங்க கேட்டுட்டு இருக்காங்க. மெஷினு அக்கட்ட பஜாருக்குப் போயிருமாட்ட இருக்குதே தம்பி.”

“கவலையே படாதீங்க. இது சின்ன விஷயம்,” என்றேன். எனக்கு எப்போதுமே தன்னம்பிக்கை ஒரு படி அதிகம். சரக்கு இல்லாத நேரத்தில் அதைத்தான் எடுத்துக் கொடுப்பேன். “நீங்க ‘ங்க’வைச் சத்தமாச் சொல்லுங்க. முடிஞ்சுது.”

அக்கா சொன்னார். ‘மருந்து அடி-ங்க. கவாத்துப் பண்ணு-ங்க. ரைட்டரய்யா சொன்னாரு-ங்க.’ பெட்டியில் ஒவ்வொன்றும் தேங்காய் உடைத்ததுபோல விழுந்தது. எனக்கு மகா சந்தோஷம். அக்காவுக்கு முகம் ஒரு மாதிரியாக இருந்தது. “இது நல்லால்லீங்களே தம்பி,” என்றார். காதால் கேட்கிறவர் சொன்னதை, கண்ணால் கேட்கிறவன் கேட்டுக்கொள்ளவில்லை. சனிக்கிழமை அதை அப்படியே போட்டுவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் மரியாதையைத் தாழ்த்திச் சொன்னால்தான் அது மரியாதை. தூக்கிச் சொன்னால் வேறு சாமான். வேலித் தகராறு முற்றிக் கைகலப்புக்கு முந்தின கட்டத்தில்தான் ‘நீங்க பெரிய ஆளுங்-க, நாங்க சின்ன ஆளுங்-க’ என்று ‘ங்க’ ஓங்கும். பிறந்ததிலிருந்து இந்த மலையில் இருக்கிற எனக்கு அது தெரியாதா? தெரியும். பச்சை விளக்குக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரைட்டரய்யா போன் செய்தார். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“ஏனுங்க, அக்கா எம்மேல கோவமாட்ட இருக்குதுங்களா?”

“இல்லீங்களே.”

“‘ரைட்டரய்யா சொன்னாரு-ங்க’ன்னு இழுத்துச் சொன்னாங்க. எங்கூட்டுல எல்லாரும் சிரிக்கறாங்க. நான் நிக்கறது அவங்களுக்குப் புடிக்கலீன்னா நேராவே சொல்லியிருக்கலாமுங்க. நக்கல் எதுக்குங்க?”

வாட்ஸ்அப்பைத் திறந்தேன். மரியாதைக் குறைவு என்று முறைத்துக்கொண்டிருந்தவர்கள், இப்போது நக்கல் என்று கொதித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ‘வணக்கம்-ங்க’ என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே சிரிக்கிற முகங்கள் வரிசை கட்டி நின்றன. அக்காவுக்கு வரவேண்டிய ஓட்டுகளை நான் இரண்டு தவணையில் தீர்த்துக்கட்டியிருந்தேன்.

அதற்குப் பிறகுதான், பெட்டியை வாங்கியபோது உறைகூடப் பிரிக்காமல் போட்டிருந்த குறிப்புப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். ஆட்டோவுக்குள் இன்னொரு அமைப்பு இருந்தது. சத்தம் கேட்டவுடன் எவ்வளவு வேகமாகக் குறைப்பது, சத்தம் ஓய்ந்த பிறகு எவ்வளவு வேகமாகப் பழைய நிலைக்குத் திரும்புவது என்று இரண்டு. எனக்கு இது உடனே புரிந்துவிட்டது, ஏனென்றால் எங்கள் மலைப்பாதையில் இரண்டு விதமான ஜீப் டிரைவர்களும் இருக்கிறார்கள். கொண்டை ஊசி வளைவில் எல்லோருமே பிரேக்கில் காலை வைப்பார்கள். வளைவு தாண்டியதும் சிலர் உடனே காலை எடுப்பார்கள். சிலர் அடுத்த வளைவு வரைக்கும் எடுக்கவே மாட்டார்கள். என் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தவன் இரண்டாவது ரகம். காலை எடுக்கிற வேகத்தைக் கூட்டி வைத்தேன்.

சோதித்துப் பார்க்க ஆள் வேண்டுமே. என் மனைவி அடுக்களையிலிருந்து, அவளுடைய வழக்கமான சுதியில், “சாப்பிட வாங்க” என்று இரண்டு தரம் கூப்பிட்டாள். பழைய அமைப்பில் ‘சாப்பிட வா’ என்று விழுந்தது. புதிய அமைப்பில் ‘சாப்பிட வாங்க’ என்று விழுந்தது. நடைமுறையில் என் வீட்டில் இரண்டுக்கும் ஒரே பொருள்தான் என்றாலும், ஒலி என்ற வகையில் எனக்குக் கண் கலங்கியது.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. காலை சீக்கிரம் எடுக்கிறவன், யாரும் பேசாத இடைவெளியில் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவான். அப்போது மூச்சு, செருமல், பக்கத்து அறைக் கரண்டி எல்லாம் மேலே வரும். கூட்டத்தில் மைக்கும் ஸ்பீக்கரும் ஒரே இடத்தில் இருக்கும்போது நீண்ட அமைதி வந்தால் ஸ்பீக்கர் ஊளையிடவும் செய்யும். எங்கள் குழுக் கூட்டத்தில் நீண்ட அமைதி வராது என்பதால் நான் துணிந்தேன்.

அக்காவிடம் போய், பெட்டி சரியாகிவிட்டது என்றேன்.

“பொட்டி சரியாயிருச்சு. நான் எப்பிடிச் சரியாகறது? இனி ஒரே ஒரு சனிக்கெழமைதானுங்களே இருக்குது,” என்றார். “பொட்டி தின்னுபோடுச்சுன்னு நான் போயிச் சொன்னா யாரு நம்புவாங்க? ஞாயித்துக்கெழமை எல்லாரு முன்னாலயும் நீங்களே சொல்லிப்போடுங்க.”

“சொல்றதென்னுங்கக்கா, செஞ்சே காட்டறேன்.”

பொதுக்கூட்டம் பஜாரை ஒட்டிய ஒரு பள்ளிக்கூட ஹாலில். முன்வரிசையில் வெள்ளைச் சட்டைக்காரர்கள், பின்வரிசையில் தாமதமாக ஜீப்பில் வந்து இறங்கியவர்கள். மேடை மேசையில் அக்கா ஒரு பக்கம், ரைட்டரய்யா ஒரு பக்கம், நடுவில் குழுச் செயலாளர். நான் ஓரத்தில், மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே இணைத்த என் பெட்டியோடு. ஸ்பீக்கர்களைப் பின்வரிசைக்குப் பக்கத்தில் தள்ளி வைத்திருந்தேன். செயலாளர் வரவேற்று முடித்ததும், ஒரு நிமிஷம் என்று மைக்கை வாங்கினேன். பெட்டியைப் பழைய அமைப்பில், காலை எடுக்காத டிரைவரிடம் விட்டேன். அக்காவின் பாணியில், எதிர்ச் சரிவைப் பார்த்து ஆரம்பித்து மடியில் வைத்து முடித்தேன்.

“எல்லாரும் உக்காருங்க.”

பின்வரிசையில் நின்றுகொண்டிருந்த மீசைக்காரப் பெரியவர் ஒருவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். “யாரைப் பாத்து ‘உக்காரு’ங்கறே?”

“அவரு மரியாதையாத்தானுங்க சொன்னாரு,” என்றார் முன்வரிசையில் ஒருவர்.

“‘உக்காரு’ன்னான். எங் காதால கேட்டேன்.”

“‘உக்காருங்க’ன்னாரு. என் காதாலயும் கேட்டேனுங்க.”

“முன்னால உக்காந்தவங்களுக்கு மட்டும் மரியாதை, பின்னால இருக்கறவனுக்குக் கெடையாதா?”

நான் இன்னொரு தரம் சொன்னேன். “சண்டை போடாதீங்க. பொறுங்க.” முன்வரிசை ‘பொறுங்க’ என்று கேட்டது. பின்வரிசை ‘பொறு’ என்று கேட்டது. ஹால் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. என் வாயைப் பார்த்துக் கேட்டவர்கள் ஒரு கட்சி, என் ஸ்பீக்கரைக் கேட்டவர்கள் ஒரு கட்சி. பெரியவர் நேராக மேடைக்கே வந்துவிட்டார். என் முகத்துக்கு எதிரே நின்று, “இப்ப சொல்லு பாக்கலாம்” என்றார்.

“உக்காருங்க,” என்றேன், அதே பாணியில், மிகுந்த பணிவோடு.

அவர் என் வாயைப் பார்த்தார். திரும்பி ஸ்பீக்கரைப் பார்த்தார். “இங்க ‘ங்க’ இருக்குது. அங்க வரைக்கும் போகலீங்க,” என்று பின்வரிசைக்கு அறிவித்தார்.

பிறகு எனக்கு வேலை சுலபமாகிவிட்டது. பெட்டி எப்படி ‘ங்க’வைத் தின்றது, இத்தனை வாரமாக அக்கா சொன்னது என்ன, அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது என்ன, போன வாரம் ஓங்கிச் சொல்லச் சொன்ன மகா புத்திசாலி யார் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கடைசி விஷயத்துக்குத்தான் கைதட்டல் அதிகம். விசையை மாற்றினேன். அக்காவிடம் மைக்கைக் கொடுத்தேன். “எல்லாருக்கும் வணக்கமுங்க” என்றார். அந்த ‘ங்க’ தாழ்ந்தபடியே பின்வரிசை வரைக்கும் போனது. டீக்கடையில் ‘பண்ணையாளா’ என்று கேட்டவர் தலையைக் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

ஆனால் ஒரு விஷயம் பாக்கி இருந்தது. நாலைந்து பேர் வீடு தேடிப் போய்க் கேட்டுக்கொண்டதால் ரைட்டரய்யா போட்டியில் இருந்தார். அவருக்கென்று முடிவு செய்துவிட்டவர்கள், பெட்டிமேல் தப்பு என்று தெரிந்ததும் சட்டென்று கையை இந்தப் பக்கம் தூக்கிவிட முடியுமா? அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே. அவரும் எழுந்து, எல்லோரும் ஒற்றுமையாக இருக்கோணுமுங்க என்று ரெண்டு வரி பேசிவிட்டு உட்கார்ந்தார். மைக் அவருக்கு முன்னால் மேசையில் இருந்தது. செயலாளர் பக்கம் சாய்ந்து, அவருடைய இயல்பான குரலில், அதாவது ரகசியத்தில் பேசினார்.

பெட்டிக்குள் இருந்தவன் இப்போது காலைச் சீக்கிரம் எடுக்கிற டிரைவர். மெல்லிய குரலைக் கேட்டதும் தன் கடமையைச் செய்தான். ரைட்டரய்யாவின் ரகசியம் ஹால் முழுக்க வெண்கலமாக ஒலித்தது.

“எனக்கெதுக்குங்க இந்த வம்பு. ஜீப்புல ஏறி எறங்கினா இடுப்புப் போயிருதுங்க. ஊட்டுக்கு வந்து கேட்டாங்க, முடியாதுன்னு சொல்ல வாயி வல்லீங்க. அக்காவே வந்துட்டா நான் நிம்மதியாத் தூங்குவேனுங்க.”

என் கை குமிழின் மேல்தான் இருந்தது. முதல் வரியிலேயே குறைத்திருக்கலாம். தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே. குறைக்கவில்லை. எனக்கும் ஆவலாக இருந்தது.

பிறகு, எங்கள் குழுவின் சரித்திரத்திலேயே நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. ஹாலில் நீண்ட அமைதி வந்தது. பெட்டி அந்த அமைதியையும் கூட்டிக்கொண்டே போனது. ஸ்பீக்கர் மெல்ல ஆரம்பித்து நரியாக ஊளையிட்டது. நான் பாய்ந்து குமிழைத் திருகினேன்.

“ரைட்டரய்யா,” என்றார் அக்கா, “அது மைக்குங்க.”

சிரிப்பு அடங்குவதற்குக் கொஞ்ச நேரமானது. ரைட்டரய்யாவின் காது சிவந்திருந்தது. அவர் மைக்கைத் தன் பக்கம் இழுத்து, இந்தத் தடவை வேண்டுமென்றே பேசினார். “தெரியாமச் சொல்லிப்போட்டேனுங்க. ஆனா பொய்யில்லீங்க.”

அக்கா எழுந்தார். “நான் நிக்கறேனுங்க. மெஷினு தலைச்சோலைல போடோணும், அதுக்குத்தான் நிக்கறேன். ஒளிச்சு வெக்கலீங்க. செம்மநத்தத்துக்காரங்களுக்கு அது தூரந்தான். அவங்க பழத்த எடுத்துட்டு வர்ற ஜீப்புக்கு நாம எல்லாருஞ் சேந்து வழி பண்ணோணும். இது சரின்னு பட்டா கையத் தூக்குங்க. படலீன்னா தூக்காதீங்க.”

எல்லாக் கைகளும் தூக்கப்படவில்லை. மாட்டுக்காரர் உட்பட செம்மநத்தத்துக்காரர்கள் சிலர் கைகட்டியபடியே இருந்தார்கள். அவர்களுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் செயலாளர் எண்ணத் தொடங்கியபோதே விஷயம் முடிந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது. முதலில் உயர்ந்தது ரைட்டரய்யாவின் கை. மெஷின் தலைச்சோலைக்கு என்று முடிவானது.

நான் மைக்கை எடுத்து, இந்த வெற்றியில் ஒலித் தொழில்நுட்பத்தின் பங்கு பற்றி இரண்டு வார்த்தை சொல்லலாம் என்று ஆரம்பித்தேன். தானாகச் சத்தம் வைக்கும் முறை என்பது ஒரு மகத்தான கருவி, அதை இயக்குகிறவனின் திறமையைப் பொறுத்து, என்று போய்க்கொண்டிருந்தது. ஏழெட்டு வரிக்கு மேல் என்னிடம் சரக்கு இருந்தது. புதுத் தலைவர் கையை நீட்டி மைக்கை வாங்கிக்கொண்டார். பதவியேற்றபின் அவர் இட்ட முதல் உத்தரவு அதுதான்.

“தம்பி, கொஞ்சம் வாய மூடுங்க.”

மீசைக்காரப் பெரியவர் பக்கத்தில் இருந்தவரைத் தட்டி, “‘ங்க’ போட்டாங்க,” என்று சாட்சி சொன்னார்.